சம்பந்தி கொண்டுவந்த சிப்பி

"பச்சையான்னா, அவிக்காமலா?"

மார்ஜரி இதைக் கேட்பது மூன்றாவது தடவை. துருவிக்கொண்டிருந்த தேங்காய் பாதியில் நின்றது.

"அவிச்சா அதுல என்ன இருக்கு? ஓட்டைத் திறந்து, தேசிக்காய் பிழிஞ்சு, அப்படியே உள்ளே விடணும்" என்றார் அவள் புருஷன் கிறிஸ்தோபர். அப்போதுதான் தொலைபேசியை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள், வெறுங்கையோடு வராமல் ஒரு பெட்டி கடல் சிப்பியும் கொண்டுவருகிறார்கள் என்பது செய்தி.

மாப்பிள்ளையின் அப்பா ஸ்டனிஸ்லாஸ் கற்பிட்டிக்காரர். கடலோரக் களப்பில் சிப்பி வளர்த்து வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல்களுக்கு அனுப்புகிறவர். அவருடைய மகன் ரொமேஷும் கிறிஸ்தோபரின் மகள் ஷியாமளாவும் கண்டியில் ஒரே காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்க்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள். பெண் பார்ப்பதெல்லாம் பேருக்குத்தான், உண்மையில் பார்க்கப்படப்போவது பெண்ணின் அப்பா என்று கிறிஸ்தோபர் உறுதியாக நம்பினார்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. கிறிஸ்தோபரின் அப்பா ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். கிறிஸ்தோபர் படித்து, மாத்தளைக்கு வெளியே ஒரு மிளகுத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராகி, டவுனில் வீடு கட்டிக் குடிவந்து இருபது வருடமாகிறது. இருந்தாலும் வெளியூர்க்காரர் ஒருவர் தன்னை ஏற இறங்கப் பார்த்தால், தோட்டத்து ஆள் என்று நினைக்கிறாரோ என்று மனுஷனுக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும். பத்து வருடத்துக்கு முன் கம்பனி விருந்துக்காகக் கொழும்பு ஹோட்டலுக்குப் போனவர், அங்கே ஒரே ஒரு பச்சைச் சிப்பியைத் தின்றார். அந்த ஒரு சிப்பியைப் பற்றிப் பங்குச் சாமியாரிலிருந்து முடி வெட்டுகிறவர் வரை அவர் சொல்லாத ஆள் கிடையாது.

"அவங்க கடற்கரை ஆளுங்க, மார்ஜரி. அவிச்சுக் குடுத்தா மலைக்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுதுன்னு நினைப்பாங்க. பச்சையாத்தான் சாப்பிடணும். நான்தான் முதல்ல எடுக்கணும்."

மார்ஜரி துருவலையைத் தள்ளிவைத்தாள். கிறிஸ்தோபருக்கு ஆறு வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. போதாததற்கு ஈரலும் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று ஜனவரியில் கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். இந்த இரண்டும் மாப்பிள்ளை வீட்டார் காதில் விழவே கூடாது, வியாதிக்காரக் குடும்பம் என்று ஒதுங்கிவிடுவார்கள் என்பது கிறிஸ்தோபரின் கட்டளை.

மார்ஜரி சும்மா பயப்படுகிற பெண்ணல்ல. ஒரு பாடசாலையில் கன்டீன் நடத்துகிறவள். வருடத்துக்கு ஒருமுறை கன்டீன்காரர்களுக்குச் சுகாதார வகுப்பு நடக்கும். மற்றவர்கள் அங்கே டீக்காகப் போவார்கள், மார்ஜரி குறிப்பேட்டோடு போய் முன்வரிசையில் உட்காருவாள். போன வருடம் சோற்றை எத்தனை மணி நேரம் வெளியே வைக்கலாம் என்பதைப் பற்றி மட்டும் பதினொரு கேள்வி கேட்டாள். வகுப்பு எடுத்த சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. இந்திரகுமார் அன்றிலிருந்து அவளைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

இப்போது அவருக்குத்தான் போன் போட்டாள்.

எந்தப் பக்கமும் கடல் இல்லாத மாவட்டத்தில் சிப்பியைப் பற்றி யாரும் கேட்பார்கள் என்று இந்திரகுமார் எதிர்பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டு, எங்கெங்கோ படித்துவிட்டு அவரே எடுத்தார். வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் விப்ரியோ என்று ஒரு கிருமி இருக்கிறதாம். சிப்பி நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டுவதால் அது உள்ளே சேர்ந்துகொள்ளுமாம். பார்த்தாலும் மோந்தாலும் ருசித்தாலும் தெரியாது. நல்ல உடம்புக்காரர்களுக்கு வயிற்றோட்டத்தோடு போய்விடலாம். சீனி வருத்தமும் ஈரல் வருத்தமும் உள்ளவர்களுக்கு இரத்தத்திலேயே ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம்.

"தேசிக்காய் பிழிஞ்சா, சேர்?"

"சாகாது."

"மிளகு? வினாகிரி?"

"ஒண்ணுக்கும் சாகாதும்மா. சாராயத்துக்கும் சாகாது. சூடு ஒண்ணுதான். கொதி தண்ணில போட்டு, வாய் திறந்த பிறகு இன்னும் அஞ்சு நிமிஷம். ஆவின்னா ஒன்பது நிமிஷம். திறக்காததைத் தூக்கி வீசிடுங்க."

மார்ஜரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கிறிஸ்தோபரிடம் படித்தும் காட்டினாள். கொழும்பில் தின்றபோது தனக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை என்று அவர் பதில் சொன்னார். சரி, வாயால் சொல்லிப் புரியாத ஆளை வேறு வழியில்தான் பார்க்க வேண்டும் என்று அவள் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். அவள் புருஷன் வாயில் பச்சைச் சிப்பி போகாது. அதே சமயம் மகளின் சம்பந்தமும் போகக் கூடாது.

முதல் வழி சுலபமாக இருந்தது. அது தவக்காலம். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் ஒரு கத்தோலிக்கர் சிப்பி சாப்பிடுவதா என்று கேட்டாள். கிறிஸ்தோபர் யோசனையோடு சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். சிரித்த முகத்தோடு திரும்பிவந்தார். இறைச்சிதான் கூடாதாம், கடலில் இருந்து வருவதற்குத் தடையில்லையாம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேட்டது கேட்டாகிவிட்டது, வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டையும் ஒறுத்து, வெறும் வயிற்றில் ஒரு டசன் சாப்பிடுவது என்று முடிவும் செய்துகொண்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வான் வந்து நின்றது. ஸ்டனிஸ்லாஸ், அவர் மனைவி, ரொமேஷ் மூவரும் இறங்கினார்கள். வான் சாரதி மட்டும் இறங்கவில்லை. டீ கொடுத்தபோது வாங்கிக்கொண்டான், உள்ளே வரச் சொன்னபோது இங்கேயே இருக்கிறேன் என்றான்.

ஸ்டனிஸ்லாஸ் ஆஜானுபாகுவான மனுஷன். ஆனால் முகம் வெளிறி இருந்தது. ஐஸ் உருகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அதிகம் பேசாமல், மேசையில் வைத்தார். அவர் மனைவி கையில் செபமாலை. எவ்வளவு பக்தியான குடும்பம் என்று மார்ஜரி நினைத்துக்கொண்டாள்.

பெட்டிக்குள் ஐஸ் கட்டிக்கு நடுவே இருபத்துநாலு சிப்பி. மேலே துணியில் சுற்றி ஒரு குட்டைக் கத்தி. ஓட்டைத் திறக்க அது இல்லாமல் முடியாது என்று ரொமேஷ் ஷியாமளாவிடம் சொன்னது மார்ஜரியின் காதில் விழுந்தது. எல்லாரும் மாதாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிமிடத்தில் கத்தி சேலை மடிப்புக்குள் போய், அங்கிருந்து அரிசி வாளிக்குள் போய்விட்டது.

கத்தியைக் காணவில்லை என்றதும் ஸ்டனிஸ்லாஸ் கோபப்படவில்லை. "அப்ப விடுங்க, அண்ணன். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். எவ்வளவு பெருந்தன்மை. மார்ஜரிக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது.

கிறிஸ்தோபர் விடுவதாயில்லை. அறைக்குள் போய் ஒரு ஸ்குரூ டிரைவரோடு வந்தார். மலைக்காரனுக்கும் சிப்பி திறக்கத் தெரியும் என்று காட்டுகிறவர் மாதிரி ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஒரு குத்து குத்தினார். சிப்பி திறக்கவில்லை, உள்ளங்கை திறந்துகொண்டது.

மார்ஜரி அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காயத்தில் சிப்பித் தண்ணீர் பட்டாலும் அதே கிருமி உள்ளே போகலாம் என்று இந்திரகுமார் சொன்னது குறிப்பேட்டில் கடைசி வரி. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கழுவு கழுவென்று கழுவி, தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, அதற்கு மேல் பஞ்சும் துணியும் சுற்றினாள். கை ஒரு முட்டைக்கோவா அளவுக்கு வந்துவிட்டது. வீங்கினாலோ சிவந்தாலோ உடனே ஆஸ்பத்திரி என்று அவர் காதில் கிசுகிசுத்தாள்.

இதனால் நடந்தது என்னவென்றால், சிப்பி விஷயம் இன்னும் இறுகிப்போனது. ஸ்டனிஸ்லாஸ் கட்டுப்போட்ட அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் இரத்தம் சிந்தியிருக்கிறார், இனி நாங்கள் சாப்பிடாமல் போனால் மரியாதையில்லை என்றார். சொல்லும்போது குரல் கம்மியது. கிறிஸ்தோபருக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ஜரி பெட்டியைத் தூக்கினாள். இரத்தம் பட்டிருக்கும், கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்குள் போனாள். ஷியாமளா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா, என்ன செய்யப்போறீங்கன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு ஒருநாள் மட்டும் ஒண்ணும் செய்யாதீங்க. அவங்க கோவிச்சுக்கிட்டுப் போனா நான் என்ன செய்வேன்?"

பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. இருபத்தேழு வயது வரை எதையும் கேட்காத பிள்ளை. "ஒண்ணும் ஆகாது, நீ போய் டீ குடு" என்று கன்னத்தைத் தட்டி அனுப்பிவிட்டு, இடியாப்பம் அவிக்கும் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

சட்டியில் பன்னிரண்டுதான் கொண்டது. ஆவியில் அவித்து, ஆறவைத்து, ஐஸில் பரப்பிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்பது அவள் கணக்கு. மூடியைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், ஸ்டனிஸ்லாஸின் மனைவி உதவி செய்ய வந்துவிட்டாள்.

இடியாப்பம் அவிகிறது என்றாள் மார்ஜரி. அறை முழுக்கக் கடற்கரை வாசம் அடித்தது. வந்தவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். மார்ஜரி மூடியை இன்னும் இறுக்கினாள்.

"நல்லா வேகட்டும், அக்கா. அவசரப்படாதீங்க. அரைவேக்காடா இருந்தா வயித்துக்குக் கூடாது" என்றாள் அவள்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிப்பி வாசமும் இடியாப்ப வாசமும் வேறு வேறு என்றுகூடத் தெரியவில்லையே, பாவம் என்று மார்ஜரி இரங்கினாள். பிறகு வெளியே போய் ஷியாமளாவோடு பேசிக்கொண்டிருக்கும்படி வற்புறுத்தி அனுப்பினாள். போகும்போது அந்தம்மா சட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வாய் திறந்த பிறகு ஒன்பது நிமிடம், ஒரு நொடி குறையாமல். பச்சைச் சிப்பி கிடந்த பெட்டியைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு, வேறு தட்டில் ஐஸ் பரப்பி, பன்னிரண்டையும் அழகாக அடுக்கிக் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த பன்னிரண்டையும் சட்டியில் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் கிறிஸ்தோபர் இரண்டு நாளாகத் தொலைபேசியில் சிப்பியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவர்.

"என்ன இது, எல்லாம் வாயைத் திறந்துகிட்டுக் கிடக்கு? திறந்திருந்தா செத்த சிப்பின்னு அர்த்தம். செத்ததைத் தொடவே கூடாது" என்றார்.

அவித்தது என்று சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் சிப்பி போகும். மார்ஜரி வாயைத் திறக்கவில்லை. ஸ்டனிஸ்லாஸ் தட்டை ஒரு பார்வை பார்த்தார், சட்டென்று முகம் தெளிந்தது. "பரவாயில்ல, அண்ணன். இதையே சாப்பிடலாமே. இது நல்லாத்தான் இருக்கு" என்று கையைக்கூட நீட்டிவிட்டார். செத்த சிப்பியையும் தின்னத் துணிகிற இந்தக் குடும்பத்திலா பிள்ளையைக் கொடுக்கிறோம் என்று மார்ஜரிக்கு ஒரு கணம் திடுக்கிட்டது. கிறிஸ்தோபரோ அதை விருந்தாளியின் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். விருந்தாளிக்குச் செத்ததைக் கொடுப்பேனா என்று தட்டை நல்ல கையால் தூக்கிக் குப்பை வாளியில் கவிழ்த்தார். ஊரிலேயே பாதுகாப்பான பன்னிரண்டு சிப்பிகள் முட்டைக்கோதோடும் வெங்காயச் சருகோடும் கலந்துபோயின.

அதோடு பெட்டியையும் அவரே வெளியே எடுத்துவந்துவிட்டார். மிச்சம் பன்னிரண்டும் பச்சை. ஸ்குரூ டிரைவர் மறுபடி மேசைக்கு வந்தது. இந்தத் தடவை ரொமேஷ், "நான் திறக்கிறேன், மாமா" என்று கையை நீட்டினான். வரப்போகிற மருமகன் கையும் கிழியப்போகிறது என்று மார்ஜரிக்குத் தோன்றிய அந்த நொடியில் அவளுடைய உறுதி ஆட்டம் கண்டது. அரிசி வாளிக்குள் கையை விட்டு, கத்தி இங்கே கிடக்கிறதே என்று அவளே கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே தடித்த ரப்பர் கையுறை ஒரு சோடியும் கொடுத்தாள். அவனைப் பார்க்க, தூக்குமேடைக்குக் கயிறு திரிக்கிறவன் மாதிரி இருந்தது. இருந்தாலும் பழகிய கை, ஐந்தே நிமிடத்தில் பன்னிரண்டும் திறந்துவிட்டது.

மேசையில் எல்லாம் தயார். ஐஸ், தேசிக்காய், இடித்த மிளகு, நடுவே மினுமினுத்துக்கொண்டு பன்னிரண்டு பச்சைச் சிப்பி. ஸ்டனிஸ்லாஸ் சாப்பாட்டு செபம் சொன்னார். அப்படி ஒரு நீண்ட செபத்தை மார்ஜரி கேட்டதில்லை. பிரயாணிகளுக்காக, நோயாளிகளுக்காக, பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக, எதிர்பாராத வேளையில் இறைவனடி சேர்ந்தவர்களுக்காக என்று போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாக ஆமென் வந்தது.

கிறிஸ்தோபர் ஒரு சிப்பியை எடுத்துத் தேசிக்காயைப் பிழிந்தார். ஸ்டனிஸ்லாஸும் ஒன்றை எடுத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தபடி, சேர்ந்தே வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

மார்ஜரி புருஷனின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"வைங்க கீழே" என்றாள். சத்தம் போடவில்லை. கன்டீனில் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற அதே குரல்.

"மார்ஜரி" என்று கிறிஸ்தோபர் பல்லைக் கடித்தார்.

"இவருக்கு ஆறு வருஷமாச் சீனி வருத்தம். ஈரலும் சரியில்ல. இதைப் பச்சையாத் தின்னா உயிருக்கே ஆபத்து. சொன்னா சம்பந்தம் போயிடும்னு மறைச்சோம். கத்தியை ஒளிச்சதும் நான்தான், அவர் குப்பைல கொட்டினது நான் அவிச்ச சிப்பிதான். உங்களுக்குக் கோவம் வந்தா வரட்டும், அண்ணன். எனக்கு என் மகளும் வேணும், இந்த மனுஷனும் வேணும். இந்த வீட்டுல இதை யாரும் பச்சையாச் சாப்பிடக் கூடாது. வந்தவங்களும் சேர்த்துத்தான்."

ஸ்டனிஸ்லாஸ் கையில் இருந்ததை மெதுவாகத் தட்டில் வைத்தார். அவர் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். ஷியாமளா எழுந்து உள்ளே போய்விட்டாள். மார்ஜரி பன்னிரண்டையும் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கை நிற்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் சிப்பிச் சதையைப் போட்டு, ஓரம் சுருண்ட பிறகும் ஐந்து நிமிடம் எண்ணி, வடித்து, வெங்காயமும் காரமான பச்சைக்கொச்சிக்காயும் மாத்தளை மிளகும் போட்டுப் பிரட்டினாள். சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு வார்த்தை இல்லாமல் சாப்பிட்டார்கள். ஸ்டனிஸ்லாஸ் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார், தலையை நிமிர்த்தவேயில்லை. கோபத்தில் தின்கிறவர்களை மார்ஜரி கன்டீனில் நிறையப் பார்த்திருக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் மூன்று பேரும் கை கழுவினார்கள், கிறிஸ்தோபரின் நல்ல கையைக் குலுக்கினார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுகிறோம் என்றார்கள். திகதி பற்றி, தாலி பற்றி, கோயில் பற்றி ஒரு பேச்சில்லை. ஷியாமளாவிடம் விடைபெற உள்ளே போனார்கள்.

கிறிஸ்தோபர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேச இது நேரமில்லை என்று மார்ஜரிக்குத் தெரியும். பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமோ என்று உள்ளறைப் பக்கம் பார்த்தாள். என்றாலும் மனுஷன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கும் இப்படியே உட்கார்ந்து முறைப்பார், அது போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வான் சாரதி பசியோடு இருப்பானே என்று நினைவு வந்தது. கொஞ்சம் சோறும் சிப்பிப் பிரட்டலும் போட்டு வெளியே கொண்டுபோனாள். அவன் தட்டைச் சந்தேகத்தோடு பார்த்தான். பயப்படாதே, நன்றாக வெந்தது, பச்சையாக யாரையும் சாப்பிட விடவில்லை என்று அவளே சொன்னாள்.

அவன் பெருமூச்சு விட்டுத் தட்டை வாங்கிக்கொண்டான்.

"உங்க முதலாளிக்கு என் மேல ரொம்பக் கோவமா, தம்பி?" என்று மார்ஜரி கேட்டாள்.

"கோவமா? எங்க முதலாளி பரம்பரைல யாருமே இதைப் பச்சையா வாயில வச்சதில்லம்மா. உங்க ஐயா பச்சையாத்தான் வேணும்னு போன்ல கேட்டாராம், சம்பந்தி மனசு நோகக் கூடாதுன்னு தின்னத் துணிஞ்சு, வர்ற வழியிலேயே உங்க டவுன் ஆஸ்பத்திரியை ரெண்டு சுத்து சுத்தி வாசல் எங்க இருக்குன்னு பாத்து வச்சிட்டுத்தான் வந்தோம்."